நாள்பட்ட முதுகு வலி: வீட்டிலும் தொடரும்படி பயிற்சியைக் கற்றுத்தருவது எப்படி?

கேள்வி: நான் சில ஆண்டுகளாகப் பணியாற்றிவரும் இயன்முறை மருத்துவர். என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் மாதக்கணக்கில், சிலர் ஆண்டுக்கணக்கில், கீழ் முதுகு வலியோடு இருப்பவர்கள். பத்துப் பயிற்சிகளைப் படத்துடன் அச்சிட்ட தாளைக் கொடுத்து, ஒவ்வொன்றையும் ஒருமுறை செய்து காட்டி அனுப்புகிறேன். சில வாரம் கழித்து வரும்போது, “செய்துகொண்டுதான் இருக்கிறேன்” என்கிறார்கள். செய்து காட்டச் சொன்னால் வேறு எதையோ செய்கிறார்கள். வலி கூடியதால் நிறுத்திவிட்டதாகச் சிலர் சொல்கிறார்கள். “பயிற்சியெல்லாம் எதற்கு, மெஷின் வைத்துவிடுங்கள்” என்பவர்களும் உண்டு. நான் தேர்ந்தெடுக்கும் பயிற்சிகளில் குறையா, சொல்லித்தரும் விதத்தில் குறையா? நான் அருகில் இல்லாதபோதும் அவர்கள் பயமின்றிச் செய்யும்படி எப்படிக் கற்றுத்தருவது?

பதில்: பயிற்சிகளின் தேர்வில் பெரிய குறை இருக்காது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாள்பட்ட கீழ் முதுகு வலிக்குப் பயிற்சி எந்த அளவுக்கு உதவுகிறது என்பதை, மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2021இல் வெளியிட்ட மீளாய்வு 249 சோதனைகளைத் திரட்டி ஆராய்ந்தது. சிகிச்சை எதுவும் பெறாதவர்களோடும், வழக்கமான கவனிப்போ ஒப்பீட்டுக்காகத் தரப்படும் போலிச் சிகிச்சையோ பெற்றவர்களோடும் ஒப்பிட்டால், பயிற்சி செய்தவர்களின் வலி 100 புள்ளி அளவுகோலில் சராசரியாக 15 புள்ளி குறைந்திருந்தது. அன்றாட வேலைகளைச் செய்யும் திறனில் கிடைத்த முன்னேற்றம் அதைவிடச் சிறியது. பெரிய வாக்குறுதி கொடுக்கும் அளவுக்கு இது போதாது. ஆனாலும் இந்த வலிக்கு நம் கையில் இருக்கும் மற்ற வழிகளோடு வைத்துப் பார்த்தால் மதிப்புள்ள பலன்தான். எந்த வகைப் பயிற்சி என்பதில் வேறுபாடுகள் இல்லாமல் இல்லை. ஆனால் பயிற்சி செய்வதற்கும் செய்யாமல் விடுவதற்கும் இடையே உள்ள வேறுபாட்டோடு ஒப்பிட்டால் அவை சிறியவை. சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், வருபவரின் தேவை, விருப்பம், திறன் ஆகியவற்றைப் பார்த்துப் பயிற்சியின் வகையைத் தேர்ந்தெடுக்கும்படிதான் சொல்கிறது.

எனவே எந்தப் பயிற்சியைச் சேர்ப்பது என்ற யோசனைக்குத் தரும் நேரத்தில் பாதியையாவது, ஆறு மாதம் கழித்தும் இவர் இதைச் செய்துகொண்டிருப்பாரா என்ற யோசனைக்குக் கொடுங்கள். இன்று எத்தனை முறை செய்யலாம், வலி கூடினால் எதைக் குறைப்பது, எப்போது கூட்டுவது என்பவற்றை உங்களைக் கேட்காமல் அவரே தீர்மானிக்கத் தெரிந்தால்தான் பயிற்சி வீட்டில் நிலைக்கும். உங்கள் தாளில் அசைவுகள் இருக்கின்றன. அந்தத் தீர்மானத்துக்கான வழி இல்லை. நீங்கள் எழுதியிருக்கும் மூன்று சிக்கல்களுமே பெரும்பாலும் அந்த இடத்திலிருந்துதான் கிளைக்கின்றன என்பது என் எண்ணம்.

தாமாகப் பயிற்சி செய்யும்படி ஒருவரை அனுப்புவதற்கு முன், அவர் அதற்கு உரியவர்தானா என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். நீங்கள் அறிந்ததுதான், ஆனால் “ரொம்ப நாள் வலிதானே” என்ற பழக்கத்தில் நழுவிவிடக்கூடியது. சிறுநீர் கழிக்க முடியாமல் போவது அல்லது அறியாமல் கசிவது, மலம் கட்டுப்பாட்டில் நில்லாதது, பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சுற்றி மரத்துப்போவது, இரண்டு கால்களிலும் பலம் குறைவது ஆகியவற்றில் ஏதேனும் புதிதாகத் தோன்றினால் அன்றே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். பாதத்தைத் தூக்க முடியாமல் போனவர், காய்ச்சலோ காரணம் தெரியாத எடைக்குறைவோ உள்ளவர், முன்பு புற்றுநோய் வந்தவர், விழுந்த பிறகு வலி தொடங்கிய முதியவர், நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுப்பவர் ஆகியோர் முதலில் மருத்துவரைப் பார்க்கட்டும். இன்னொரு கூட்டம் எளிதில் கண்ணில் படாது: 45 வயதுக்கு முன் வலி தொடங்கி, காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் விறைப்பு நீடித்து, ஓய்வில் கூடி அசைந்தால் குறைபவர்கள். இவர்களுக்கு முதுகெலும்பு மூட்டு அழற்சி இருக்கலாம். பயிற்சி இவர்களுக்கும் நல்லதுதான் என்றாலும் அது மட்டும் போதாது, மூட்டு அழற்சி மருத்துவரின் பார்வை வேண்டும். இந்த அறிகுறிகளை நீங்கள் மட்டும் தெரிந்துவைத்திருந்தால் போதாது. எவை வந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே வர வேண்டும் என்பதை எளிய சொற்களில் வருபவருக்கும் சொல்லிவையுங்கள். எது ஆபத்து என்று தெளிவாகத் தெரிந்தவர்தான், ஆபத்தில்லாத வலியைக் கண்டு பின்வாங்காமல் இருப்பார்.

இனி, பயிற்சியைத் தொடங்குமுன் கேட்க வேண்டிய ஒரு கேள்வி: “உங்கள் முதுகில் என்ன ஆகியிருக்கிறது என்று நினைக்கிறீர்கள்?” பதில்களை நாம் எல்லாரும் கேட்டிருக்கிறோம். டிஸ்க் விலகிவிட்டது, ஜவ்வு நகர்ந்துவிட்டது, எலும்பு தேய்ந்துவிட்டது, நரம்பு நசுங்கிக்கொண்டிருக்கிறது. குனிந்தால் மிச்சமிருப்பதும் விலகிவிடும் என்று நம்புகிற ஒருவரிடம் குனிந்து நிமிரும் பயிற்சியைக் கொடுத்தால், அவர் தலையாட்டிவிட்டுப் போவார். வீட்டுக்குப் போய்ச் செய்ய மாட்டார். அதைச் சோம்பல் என்று சொல்ல முடியாது. தம் முதுகைக் காப்பதாக நினைத்துத்தான் அவர் அசையாமல் இருக்கிறார்.

இங்கே உங்களுக்கு உதவக்கூடிய எண்கள் சில உண்டு. முதுகு வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் முடிவுகளைத் தொகுத்து 2015இல் வெளியான மீளாய்வில், டிஸ்க் தேய்மானம் 20 வயதினரில் 37 சதவீதம் பேருக்கும் 80 வயதினரில் 96 சதவீதம் பேருக்கும் இருந்தது. டிஸ்க் வெளியே பிதுங்கியிருப்பது 20 வயதினரில் 30 சதவீதம், 80 வயதினரில் 84 சதவீதம். முடி நரைப்பதைப் போல வயதோடு வரும் மாற்றங்கள் இவற்றில் பல. இதைச் சொல்லும்போது ஒன்றில் எச்சரிக்கையாக இருங்கள்: “உங்கள் ஸ்கேனில் ஒன்றுமில்லை” என்று சொன்னால், “அப்படியானால் என் வலி பொய்யா?” என்றுதான் அவர் காதில் விழும். வலி உண்மையானது, ஸ்கேனில் தெரியும் மாற்றம் மட்டும் அந்த வலியின் அளவைத் தீர்மானிப்பதில்லை, பல மாதங்களாக அசைவைக் குறைத்ததில் தசைகள் பலமிழந்திருக்கின்றன, உடலும் சிறிய அசைவுக்குக்கூட அபாயமணி அடிக்கப் பழகியிருக்கிறது, படிப்படியாக அசைத்தால் இவை இரண்டும் மாறக்கூடியவை. இந்த வரிசையில் சொல்லிப் பாருங்கள். பிறகு அவர் புரிந்துகொண்டதை அவருடைய சொற்களிலேயே, வீட்டில் உள்ளவர்களுக்குச் சொல்வதைப்போல் சொல்லச் சொல்லுங்கள். அங்கே தெரிந்துவிடும், சொன்னது போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று.

நம் வாயிலிருந்தே வரும் சில சொற்கள் இந்த வேலையைக் கெடுக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். “இனிமேல் குனியவே கூடாது”, “எடையைத் தொடாதீர்கள்”, “எப்போதும் பெல்ட் போட்டுக்கொள்ளுங்கள்” என்று ஒரு நாள் சொன்னவை வாழ்நாள் முழுக்க அவர் மனத்தில் தங்கிவிடுகின்றன. உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட முதுகு வலிக்கென்று 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல், வலியைப் பற்றிய கல்வியையும் முறையான பயிற்சியையும் பரிந்துரைக்கிறது. இடுப்பு பெல்ட், இழுவைச் சிகிச்சை, அல்ட்ராசவுண்ட், தோல் வழியே மின்தூண்டல் தரும் டென்ஸ் ஆகியவற்றை வழக்கமாகத் தர வேண்டாம் என்கிறது. நைஸ் வழிகாட்டுதலில் இன்னொரு மின் சிகிச்சையான ஐ.எஃப்.டி.யும் இந்த விலக்குப் பட்டியலில் உண்டு. மெஷின் கேட்டு வருபவரிடம் இந்த வழிகாட்டுதல்களை வாசித்துக் காட்டுவதில் பயனில்லை. அவர் கேட்பது ஆறுதல்; அதில் தவறும் இல்லை. ஆனால் நம் அறைகளில் நேரம் எப்படிச் செலவாகிறது என்று பாருங்கள்: அரை மணி நேரம் மெஷின், கடைசி ஐந்து நிமிடம் பயிற்சி, அதுவும் அவர் செருப்பை மாட்டிக்கொண்டிருக்கும்போது. எது முக்கியம் என்பதை அந்த நேரப் பங்கீடு அவருக்குச் சொல்லிவிடுகிறது. வந்தவுடன், மனம் தெளிவாக இருக்கும்போது பயிற்சியைத் தொடங்குங்கள். சூடு இதமாக இருக்கிறது என்றால் வீட்டிலேயே ஒத்தடம் கொடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள். அதற்காக அவர் உங்களைத் தேடி வர வேண்டியதில்லை.

பத்துப் பயிற்சிகள் அதிகம். 65 வயதைக் கடந்தவர்களிடம் 1999இல் நடந்த ஒரு சிறிய ஆய்வில், இரண்டு பயிற்சிகள் கொடுக்கப்பட்டவர்கள், எட்டுப் பயிற்சிகள் கொடுக்கப்பட்டவர்களைவிடச் சரியாகச் செய்துகாட்டினார்கள். அது முதுகு வலிக்காரர்களைப் பற்றிய ஆய்வு அல்ல. ஆனாலும் நாம் அன்றாடம் காண்பதோடு அது பொருந்துகிறது. முதல் நாளில் இரண்டு, மிஞ்சினால் மூன்று. அவற்றை உங்கள் தாளிலிருந்து எடுக்காமல், அவர் வாழ்க்கையில் இன்று எது முடியவில்லையோ அதிலிருந்து எடுங்கள். குழந்தையைத் தூக்க முடியவில்லை என்பவருக்கு, இடுப்பிலிருந்து மடங்கிக் குனிந்து நிமிர்வதே பயிற்சி. முதலில் மேசை உயரத்திலிருந்து, பிறகு நாற்காலி உயரத்திலிருந்து, அப்புறம் தரையிலிருந்து. நாற்காலியை விட்டு எழும்போதெல்லாம் கையை ஊன்ற வேண்டியிருக்கிறது என்பவருக்கு, எழுந்து உட்காருவதே பயிற்சி. பத்து நிமிடம் நடந்தால் உட்கார இடம் தேடுகிறவருக்கு நடைதான் முதல் பயிற்சி. வயிற்றுக்குள் ஆழத்தில் இருக்கும் தசையைத் தனியாக இறுக்கக் கற்றுக்கொடுக்க வாரக்கணக்கில் செலவிடுபவர்கள் உண்டு. அந்த நுட்பப் பயிற்சி, பொதுவான பயிற்சியைவிட நீண்ட காலத்தில் மேம்பட்ட பலன் தந்ததாகத் தெரியவில்லை. வருபவருக்குத் தம் உடம்பில் உணரவே முடியாத ஒன்றைச் சரியாகச் செய்ய வேண்டும் என்ற கவலை மட்டும் மிஞ்சுகிறது.

சொல்லித்தரும் விதத்துக்கு வருவோம். இடுப்பைத் தூக்கும் பயிற்சியையே, நாம் பிரிட்ஜிங் என்று சொல்வதையே, எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் ஒருமுறை மட்டும் செய்து காட்டுங்கள், பேசாமல். பிறகு அவர் செய்யட்டும். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, பாதங்களைத் தரையில் பதிய வைத்து, இடுப்பை மெல்லத் தூக்கி இறக்க வேண்டும்; இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. அவர் செய்யும்போது ஐந்து திருத்தங்கள் உங்கள் நாவில் வந்து நிற்கும். ஒன்றை மட்டும் சொல்லுங்கள். அதையும் தசையின் பெயரால் சொல்லாமல், வெளியே உள்ள ஒன்றைச் சுட்டிச் சொல்லுங்கள்: “புட்டத் தசையை இறுக்குங்கள்” என்பதைவிட “குதிகாலால் தரையை அழுத்துங்கள்” என்பது விரைவில் உடம்புக்கு ஏறும். உடலின் உள்ளே கவனத்தைத் திருப்புவதைவிட, அசைவின் விளைவில் கவனத்தை வைப்பது அசைவைக் கற்க உதவுகிறது என்பதை இயக்கக் கற்றல் பற்றிய ஆய்வுகள் பலமுறை காட்டியிருக்கின்றன. மூச்சை அடக்கிக்கொள்கிறாரா என்று பாருங்கள். எண்ணிக்கையை அவரே வாய்விட்டு எண்ணச் சொன்னால் மூச்சு தானாகவே விடுபடும்.

பிறகு, நீங்கள் ஒன்றும் சொல்லாமல் அவர் முழுச் சுற்றையும் ஒருமுறை செய்ய வேண்டும். நம்மில் பலருக்கு இது கடினம். வாய் சும்மா இருக்காது. ஆனால் வீட்டில் உங்கள் குரல் இருக்கப்போவதில்லை என்பதால், உங்கள் குரல் இல்லாமல் செய்து பழகும் முதல் இடம் உங்கள் அறையாக இருப்பதே நல்லது. முடித்ததும் “எப்படி இருந்தது?” என்று கேளுங்கள், “சரியாகச் செய்தீர்கள்” என்று முந்திக்கொள்ளாதீர்கள். அசைவு சற்றுக் கோணலாக இருந்தால் பெரும்பாலும் கேடில்லை. வலி நாள்பட்டவர்களின் உடம்பு, மிகத் திருத்தமான அசைவைவிடப் பயமில்லாத அசைவைத்தான் முதலில் கற்க வேண்டியிருக்கிறது; ஒவ்வொரு மில்லிமீட்டரையும் திருத்தும் ஆசிரியரிடம் அவர் கற்பது, தம் முதுகு எளிதில் உடையும் பொருள் என்பதைத்தான். எலும்பு அடர்த்தி குறைந்தவர்களிடம் மட்டும் நான் கறாராக இருப்பேன்: படுத்த நிலையிலிருந்து உடலைச் சுருட்டி எழும் பயிற்சியும், எடையோடு முதுகை வளைத்துக் குனிவதும் அவர்களுக்கு வேண்டாம்.

அச்சிட்ட தாளுக்குப் பதிலாக, அவர் செய்வதை அவருடைய செல்பேசியிலேயே படம் பிடித்துக் கொடுங்கள். பிறர் செய்யும் படத்தைப் பார்ப்பதைவிடத் தாமே செய்த படத்தைப் பார்ப்பது, இது தம்மால் முடிந்ததுதான் என்பதை நினைவூட்டும். இருபது விநாடி போதும். வீட்டில் ஒருவர் உடன் வந்திருந்தால் அவரையும் உள்ளே அழையுங்கள். “நீ படு, நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று அன்பால் தடுப்பவர்கள் அவர்கள்தான். காரணம் புரிந்தால் அவர்களே துணையாகிவிடுவார்கள்.

இந்தக் கடிதத்தில் நான் அதிகம் வற்புறுத்த விரும்புவது அளவைப் பற்றி. “முடிந்தவரை செய்யுங்கள்” என்ற அறிவுரைதான் வலிக்காரரை வீழ்த்துகிறது. வலி குறைந்த நாளில் உற்சாகத்தில் முப்பது முறை செய்கிறார். மறுநாள் எழுந்திருக்க முடியவில்லை. நான்கு நாள் படுக்கிறார். பயிற்சி ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவுகட்டுகிறார். இந்த ஏற்ற இறக்கத்தை உடைக்க, உளவியலாளர் வில்பர்ட் ஃபோர்டைஸ் 1970களில் வகுத்துக் கொடுத்த ஒழுங்கு இன்றும் பயன்படுகிறது: அன்றன்றைய வலி சொல்வதைக் கேட்டுச் செய்யாமல், முன்பே தீர்மானித்த எண்ணிக்கைப்படி செய்வது. முதல் மூன்று நாள், இனி வேண்டாம் என்று தோன்றும் வரை செய்து எண்ணிக்கையைக் குறித்துவரச் சொல்லுங்கள். 12, 6, 9 என்று வந்தால் சராசரி 9. அதைவிடச் சற்றுக் குறைவாக, ஏறத்தாழ 80 சதவீதமாக, 7 என்று தொடங்குங்கள். நல்ல நாளிலும் 7, மோசமான நாளிலும் 7. அந்த வாரம் தாங்கினால் அடுத்த வாரம் 8 அல்லது 9. நடைக்கும் இதே கணக்கு. எண்ணிக்கைக்குப் பதில் நிமிடம். தொடக்கம் வெட்கப்படும் அளவுக்குக் குறைவாக இருக்கிறதே என்று பலர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நல்ல நாளில் அளவோடு நிறுத்துவதற்குத்தான் அவர்களுக்கு அதிகப் பயிற்சி வேண்டும். அதைத் தொடக்கத்திலேயே சொல்லிவையுங்கள்.

அதோடு ஒரு வலிக் கணக்கும் வேண்டும். 0 முதல் 10 வரையான அளவில், தொடங்கும்போது இருந்ததைவிட இரண்டு புள்ளி வரை கூடலாம். மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்குத் திரும்பிவிட வேண்டும். திரும்பிவிட்டால் அதே அளவைத் தொடரலாம். திரும்பவில்லை என்றால் எண்ணிக்கையில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துச் செய்யலாம். பயிற்சியை விட்டுவிட வேண்டியதில்லை. இது ஆய்வுக்கூடத்தில் அளந்தெடுத்த எல்லைக்கோடு அல்ல, நடைமுறைக்கு உதவும் வரம்பு. சிலருக்கு இன்னும் சற்று இறுக்கமாகவும், சிலருக்குத் தளர்வாகவும் வைக்கலாம். காலுக்குள் இறங்கும் வலி உள்ளவர்களுக்குக் கூடுதலாக ஒன்று: வலி முழங்காலுக்குக் கீழே மேலும் இறங்கிப் பரவுகிறது என்றால் அந்தப் பயிற்சியை அன்று நிறுத்தி உங்களிடம் சொல்ல வேண்டும், காலிலிருந்து இடுப்பை நோக்கி மேலேறினால், இடுப்பில் சற்றுக் கூடினாலும் பெரும்பாலும் நல்ல திசைதான்.

புதிதாகத் தொடங்கும் எவருக்கும் இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் தசை வலி வரலாம். வேலை செய்து பழகாத தசை வேலை செய்ததன் வலி அது. தொட்டால் நோகும், அசைய அசையத் தளரும், சில நாளில் போய்விடும். இதை முன்கூட்டியே சொன்னால் அவருக்கு இது எதிர்பார்த்த செய்தி. வந்தபின் சொன்னால் சாக்குப்போக்காகத்தான் கேட்கும். வலி கூடியதால் நிறுத்திவிட்டதாக உங்களிடம் சொன்னவர்களில் கணிசமானோர் இந்த இடத்தில்தான் நின்றிருப்பார்கள் என்று ஊகிக்கிறேன்.

முதுகு வலியின் இயல்பே கூடிக் குறைவதுதான். பயிற்சியை ஒழுங்காகச் செய்பவருக்கும் வலி மூளும் நாட்கள் வரும். அந்த நாளில் என்ன செய்வது என்பதை, வலி இல்லாத ஒரு நாளில் அவரோடு உட்கார்ந்து எழுதுங்கள். பயிற்சியில் எதைப் பாதியாக்குவது, எதை அப்படியே வைத்துக்கொள்வது, எந்த நிலையில் படுத்தால் இதமாக இருக்கிறது, வீட்டுக்குள்ளேயே எத்தனை நிமிடம் நடப்பது, எத்தனை நாளில் பழைய அளவுக்குத் திரும்புவது. முழுப் படுக்கையைத் தவிர்க்கச் சொல்லுங்கள். 1986இல் வெளியான ஒரு புகழ்பெற்ற சோதனையில், முதுகு வலியோடு வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு 2 நாள், மற்றவர்களுக்கு 7 நாள் படுக்கை ஓய்வு சொல்லப்பட்டது. 2 நாள் ஓய்வு சொல்லப்பட்டவர்கள் வேலையை இழந்த நாட்கள் 45 சதவீதம் குறைவு, மற்றவற்றில் இரு பிரிவுக்கும் வேறுபாடு இல்லை. இன்னொரு பக்கம், முதுகு வலியிலிருந்து அண்மையில் மீண்ட 701 பேரைக் கொண்டு ஆஸ்திரேலியாவில் நடந்து 2024இல் வெளியான சோதனை இருக்கிறது. இயன்முறை மருத்துவரின் வழிகாட்டலில் படிப்படியாகக் கூட்டிய நடைப்பயிற்சியும் வலியைப் பற்றிய விளக்கமும் பெற்றவர்களுக்கு, வலி திரும்பிவர எடுத்துக்கொண்ட காலத்தின் நடுமதிப்பு 208 நாள். எதுவும் பெறாதவர்களுக்கு 112 நாள். நடையைச் சிறிய பயிற்சி என்று நினைத்துத் தாளின் கடைசியில் போடுபவர்கள் இந்த எண்களைப் பார்க்க வேண்டும்.

எப்போது செய்வது என்பதையும் அவரே சொல்லட்டும். “தினமும் செய்யுங்கள்” என்றால் எந்த நேரத்திலும் செய்யலாம், எந்த நேரத்திலும் செய்யாமலும் இருக்கலாம். பல் துலக்கியதும், குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பியதும், வேலையிலிருந்து வந்து உடை மாற்றியதும் என்று ஏற்கெனவே நடக்கும் ஒன்றோடு பயிற்சியைக் கோக்கச் சொல்லுங்கள். பிறகு, “இது தடைப்பட்டால் எதனால் தடைப்படும்?” என்று கேளுங்கள். படுத்துச் செய்ய வீட்டில் தனி இடமில்லை என்பார் ஒருவர். நின்றபடி செய்யக்கூடிய மாற்றைக் கொடுக்கலாம். “வீட்டு வேலையே எனக்குப் பயிற்சிதான்” என்பார் இன்னொருவர். அதை மறுத்துப் பேசாதீர்கள். உண்மையிலேயே அவர் நாள் முழுக்க உழைக்கிறார். அந்த உழைப்பின் அளவை அவர் தீர்மானிக்க முடியாது, வேலை தீர்மானிக்கிறது. பயிற்சியின் அளவை அவரே தீர்மானிக்கலாம், அதனால்தான் அந்த வேலையைத் தாங்கும் பலம் பயிற்சியில் கிடைக்கிறது என்று சொல்லுங்கள். இதைக் கேட்டுத் தலையசைக்காத பெண்ணை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

மறுமுறை வரும்போது “செய்தீர்களா?” என்று கேட்டால் “செய்தேன்” என்பதுதான் பதிலாக இருக்கும், ஆசிரியரிடம் மாணவர் சொல்லும் பதில் அது. “எந்தெந்த நாள் செய்ய முடியாமல் போனது?” என்று கேட்டுப் பாருங்கள். முடியாமல் போன நாட்கள் இருக்கும் என்று நீங்களே ஒப்புக்கொண்டுதான் கேட்கிறீர்கள் என்பதால் அவர் உண்மையைச் சொல்லத் தயங்க மாட்டார். பிறகு செய்து காட்டச் சொல்லுங்கள். மாறிப்போயிருந்தால், ஏன் மாற்றினார் என்று கேட்ட பிறகு திருத்துங்கள். சில சமயம் அவர் செய்திருக்கும் மாற்றம் நம்முடையதைவிட அவருக்குப் பொருத்தமாக இருக்கும். முதல் சந்திப்புகள் வாரத்துக்கு ஒன்றாகவும், பிறகு இரண்டு வாரத்துக்கு ஒன்றாகவும், அப்புறம் மாதத்துக்கு ஒன்றாகவும் விலகிப் போகட்டும். ஒவ்வொரு முறையும் வலி எவ்வளவு என்று மட்டும் கேட்காமல், முதல் நாள் அவர் முடியவில்லை என்று சொன்ன வேலை இப்போது எப்படி இருக்கிறது என்றும் கேளுங்கள். வலி மெதுவாகத்தான் குறையும். வேலை செய்யும் திறன் அதற்கு முன்பே மாறத் தொடங்கியிருக்கலாம். கேட்காவிட்டால் அவரே அதைக் கவனித்திருக்க மாட்டார்.

ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஒழுங்காகச் செய்தும் எதுவும் நகரவில்லை என்றால், பயிற்சியை மட்டும் மாற்றிக்கொண்டே போகாதீர்கள். உறக்கம் எப்படி, மனம் சோர்ந்திருக்கிறதா, வேலை போய்விடும் என்ற கவலை இருக்கிறதா, முதுகைப் பற்றிய பயம் இன்னும் அப்படியே இருக்கிறதா என்று விசாரியுங்கள். மனச்சோர்வும் உறக்கக் குறைவும் வலியைக் கூட்டுபவை. எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்ற உதவும் அறிதல்-நடத்தை சிகிச்சை போன்ற உளவியல் உதவியைப் பயிற்சியோடு சேர்த்துத் தருவது இவர்களுக்கு ஏற்றது என்பதை நான் மேலே சொன்ன இரு வழிகாட்டுதல்களும் ஏற்கின்றன. மனநல ஆலோசகரிடம் அனுப்பும்போது, “வலி உங்கள் மனத்தில்தான் இருக்கிறது” என்று அவர் புரிந்துகொள்ளாதபடி, பயிற்சியும் உங்களிடம் தொடரும் என்று சொல்லி அனுப்புங்கள். தொடக்கத்தில் பார்த்த அபாய அறிகுறிகளையும் இந்தக் கட்டத்தில் மீண்டும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

கடைசிச் சந்திப்புக்கு ஒரு தேர்வை வைத்துக்கொள்ளலாம். இரண்டு வாரம் காய்ச்சலில் பயிற்சி விட்டுப்போனால் எந்த எண்ணிக்கையில் மீண்டும் தொடங்குவீர்கள், பழைய அளவு மிக எளிதாகிவிட்டால் என்ன செய்வீர்கள், பளு தூக்கிய மறுநாள் வலி மூண்டால் முதல் இரண்டு நாள் எப்படிப் போகும் என்று மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எண்கள் உங்கள் எண்களோடு ஒத்துப்போக வேண்டும் என்பதில்லை. தயங்காமல் ஒரு காரணத்தோடு சொன்னால் அவரை விடுவித்துவிடலாம். “அப்போது உங்களுக்கு போன் செய்கிறேன்” என்பதே மூன்றுக்கும் பதிலாக வந்தால் இன்னும் ஒரு சந்திப்பு தேவைப்படுகிறது, அதில் புதிய பயிற்சி எதையும் சேர்க்காதீர்கள்.